முதலில் ஓடுகிறவர்களை மறந்துவிட்டோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுத் தீ பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயற்கைக்கோள், ட்ரோன் எல்லாம் இருந்தது. மலையில் குடியிருக்கும் ஆட்களைத்தான் காணோம்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். 2018 மார்ச் 11 எங்களுக்கு மறக்காது. மலையேற வந்தவர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குரங்கணி மலையில் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேதி கேட்டு முதலில் மேலே ஏறியவர்களில் உள்ளூர் ஆட்கள் உண்டு. இருட்டில், அந்தச் சரிவில், போர்வையில் டோலி கட்டிக் காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. சரி, தேவைதான். ஆனால் அவை வந்து போகிறவர்களுக்கு. அங்கேயே இருப்பவர்களுக்கு?

இந்திய வன ஆய்வு நிறுவனத்தில் பதிவு செய்துகொண்டால் தீ பற்றிய குறுஞ்செய்தி வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குத் தகவல் தரும் செயற்கைக்கோள்கள் நாளுக்குச் சில தடவைதான் தலைக்கு மேல் வரும். மாடு மேய்க்கிறவர் கண்ணில் புகை அதற்கு முன்பே படும். அவர் யாருக்குப் போன் பண்ணுவது, சிக்னல் இல்லாவிட்டால் எங்கே ஓடுவது என்று தை மாதமே ஊரைக் கூட்டிப் பேசி வைக்க வேண்டாமா?

காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும். அதற்கு முன்னால் மேலே ஓடினால் தப்புவது கஷ்டம். எரிந்து அடங்கிய கரி நிலம் பத்திரமானது. நைலான் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீப்புண்ணில் பற்பசையும் பேனா மையும் தடவாமல் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் ஊராருக்கு ஒரு மத்தியானத்தில் சொல்லித் தந்துவிடலாம்.

அப்புறம், தீ அணைந்ததும் வேன் பிடித்து விதைப்பந்து வீச வருகிறார்கள். புல்வெளிக்கு அது எதற்கு? மழை விழுந்தால் புல் தானே தளிர்க்கும். அதே மழைதான் சாம்பலையும் மேல்மண்ணையும் ஓடையில் கொண்டுவந்து தள்ளுகிறது. அந்தப் பணத்தில் சரிவின் குறுக்கே கல் தடுப்பு போடலாம். வேலைக்கு உள்ளூர் ஆட்களையே வைத்தால், மேய்ச்சல் கருகிப்போன வீட்டுக்குத் தீவனம் வாங்கக் கூலியாவது கிடைக்கும்.

அடுத்த கட்டுரைக்குத் தீத்தடுப்புக் காவலர் ஒருவரிடமும் நிருபரை அனுப்புங்கள். கோடை முடிந்தால் அவர் வேலையும் முடிந்துவிடும். அதற்குள் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர், போடிநாயக்கனூர்