சிறுவர் வாசிப்பு வட்டம், லண்டன்: 2014ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பெற்றோர்களே, ஒரு ஞாயிறும் தவறாமல் முன்வரிசைக்கு வந்துவிடும் அம்மம்மாமாரே, வணக்கம்.

இந்த வருடம் நமது வட்டத்துக்கு ஒரே ஒரு கரடியோடுதான் போனது. சிறுவர் கதைப் புத்தகக் கரடியான பாடிங்டன் வருடக் கடைசியில் பெரிய திரைக்கு வருகிறார் என்று தெரிந்ததும், படத்துக்கு முன் பிள்ளைகள் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்று ஜனவரியில் தீர்மானித்தோம். திரையில் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் பிறகு மனதில் வேறு முகம் வராது. அவரவர் கரடி அவரவர் மனதில் முதலில் பிறக்கட்டும் என்று நினைத்தோம்.

மைக்கேல் பாண்ட் எழுதிய முதல் பாடிங்டன் புத்தகம் 1958இல் வந்தது. எட்டு அத்தியாயங்கள். பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை மாதம் ஒன்றாக வாசித்தோம். பெரிய பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசிக்க, சின்னவர்கள் அம்மம்மாமாருக்குத் தமிழில் கதை சொன்னார்கள்.

முதல் கூட்டத்தை மறக்க முடியாது. பெருவிலிருந்து தனியாகக் கப்பலில் வந்த குட்டி, ரயில் நிலையத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கழுத்தில் ஒரு அட்டை: “தயவுசெய்து இந்தக் கரடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி.” இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக லண்டனைவிட்டு அனுப்பப்பட்ட, இப்படி அட்டை கட்டிய பிள்ளைகளை ரயில் நிலையத்தில் கண்ட நினைவுதான் பாண்டுக்கு இந்தக் காட்சியைத் தந்தது. அதைச் சொன்னதும் ஒரு அம்மம்மா வாய் திறந்தார். “என்ர மூத்தவனையும் இப்பிடித்தான் அனுப்பினனான். கழுத்தில பை, பைக்குள்ள தம்பியின்ர விலாசம்.”

“அவரைக் கூட்டிக்கொண்டு போக ஆராவது வந்தவையோ, அம்மம்மா?” என்று ஏழு வயதுப் பேத்தி கேட்டாள்.

“வந்தவை. ரெண்டு மணித்தியாலம் பிந்தி.”

அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை. தேநீர் குடித்துக்கொண்டு கதைத்தோம்.

ஜூன் மாதம் குரல் பிரச்சினை வந்தது. கரடிக்குக் குரல் கொடுக்கவிருந்த கொலின் ஃபெர்த் விலகிவிட்டார், அவர் குரல் கரடிக்கு முதிர்ந்துபோயிற்று என்று செய்தி. ஜூலையில் அவர் இடத்துக்கு நடிகர் பென் விஷா வந்தார். அப்படியானால் எந்தக் குரல் பொருந்தும்? ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து “வணக்கம், நான் பாடிங்டன்” என்று சொல்லிப் பார்த்தது. ஒருவன் மெதுவாக, கூச்சத்தோடு, ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிச் சொன்னான். அவன் இந்த நாட்டுக்கு வந்து பத்து மாதம்தான். மண்டபமே அவனைத் தெரிவு செய்தது.

1976 தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கு மட்டும் இன்னும் தயக்கம். அதில் கரடி ஒன்றுதான் பொம்மை, மனிதர்கள் எல்லாம் வெட்டிய காகித உருவங்கள். அந்த எளிமை கணினிக் கரடியிடம் இருக்குமா என்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஓகஸ்டில் பாடிங்டன் ரயில் நிலையம் போனோம். முதலாம் மேடையில் மார்கஸ் கோர்னிஷ் செய்த வெண்கலச் சிலை இருக்கிறது. பிள்ளைகள் வரிசையில் நின்று மூக்கைத் தடவினார்கள். இந்த மாதம் 4ஆம் திகதி முதல் நகரெங்கும் ஐம்பது பாடிங்டன் சிலைகள் வைத்திருக்கிறார்கள். பிறகு அவற்றைச் சிறுவர் பாதுகாப்புக்காக ஏலம் விடுவார்களாம். இதுவரை ஒன்பதைப் பார்த்துவிட்டோம்.

மே மாதம் மண்டபத்தை ஒரே நேரத்துக்கு நமக்கும் வேறொருவருக்கும் கொடுத்துவிட்டார்கள். மழையில் நின்ற நம்மைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போன அங்கத்தவருக்கு நன்றி. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

படம் 28ஆம் திகதி வெள்ளிக்கிழமை வெளியாகிறது. நாம் மறுநாள் சனிக்கிழமை முற்பகல் போகிறோம். பெயர் கொடுக்காதவர்கள் இன்றே கொடுங்கள். பாடிங்டனுக்குப் பிடித்த மார்மலேட் சாண்ட்விச் எல்லாம் படம் முடிந்த பிறகுதான். ஒவ்வொரு பிள்ளையும் கழுத்தில் அட்டையோடு வரவேண்டும் என்பது பிள்ளைகளே எடுத்த முடிவு. அட்டைகளைத் தமிழில் எழுதித் தருவதாக அந்த அம்மம்மா சொல்லியிருக்கிறார். கட்ட நூலை நான் கொண்டுவருகிறேன்.

செயலாளர்
16 நவம்பர் 2014