சோடாபுட்டியின் சாபம்

மாப்ளே,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். அம்மாவின் முட்டிவலி அப்படியே, வேலையும் அப்படியே, தொப்பையில் மட்டும் முன்னேற்றம். விஷயத்துக்கு வருகிறேன்.

பாப்பாவுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. எட்டு வயசு, மைனஸ் ஒன்றே முக்கால். போர்டு தெரியவில்லை என்று டீச்சர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கடையில் ஃபிரேமை மாட்டிக்கொண்டு "நல்லா இருக்காப்பா?" என்று திரும்பினாள். எனக்கு நம் சோடாபுட்டி முகம்தான் தெரிந்தது. ஆறாம் வகுப்பு முழுக்க அவனை என்ன பாடு படுத்தினோம்! பேர் வைத்தவன் நீ, அனுபவிப்பது நான்.

செல்போனுக்காகத் திட்டு விழும் என்று பதிலோடு போயிருந்தேன். கண் டாக்டர் கேட்டதோ வேறு: "பகல் வெளிச்சத்தில் தினம் எவ்வளவு நேரம் இருக்கிறாள்?" மனசுக்குள் கூட்டினேன். வீட்டிலிருந்து வேன், வேனிலிருந்து வகுப்பு, மறுபடி வேன். பத்து நிமிஷம் தேறவில்லை.

கிட்டப்பார்வை என்றால் கண்விழி அளவுக்கு மீறி நீளமாவதாம். நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரந்து அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்கிறார்கள். வீட்டுக்குள் வெளிச்சம் 300, 500 லக்ஸ். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிஷம் வெளியே விடச் சொன்னார்கள்; வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்த பார்வை குறைந்த பிள்ளைகளின் கணக்கு அப்புறம் இறங்கியிருக்கிறது. இவளுக்கு ஏறின பவர் இனி இறங்காது. மேலே ஓடாமல் பிடித்துவைக்க முயற்சி செய்யலாம், அவ்வளவுதான்.

சரி, இரண்டு மணி நேரம் எங்கே விடுவது? கீழே முழுக்க பேவர் பிளாக். 'இங்கே விளையாடக் கூடாது' என்று அசோசியேஷன் போர்டு வேறு. அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. பந்து பட்டு நெளிந்தது என் கார்தான். சிரிக்காதே.

முதல் ஞாயிறு பைனாகுலரும் பறவைப் புத்தகமுமாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ரேடியல் ரோட்டு ஓரம் நின்று, இது நாமக்கோழி, அது கூழைக்கடா என்று வகுப்பெடுத்தேன். கால் மணி நேரம் பொறுத்தாள். "அப்பா, இதுக்குப் பரீட்சை இருக்கா?"

போன வியாழன் கரண்ட் இல்லை. தானாகக் கீழே போனவள் ஜெனரேட்டர் ஷெட் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மழை படாத காய்ந்த மணலில் சின்னச் சின்னப் புனல்களாக ஏழெட்டுக் குழி. குழிநரி, மாப்ளே! மணலுக்குள் ஒளிந்து எறும்பு பிடிக்குமே, அந்தப் பூச்சி. முப்பது வருஷமாகிறது நான் பார்த்து. வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓர் எறும்பு விளிம்பில் சறுக்கியது. ஏற ஏற, அடியிலிருந்து மணலை விசிறி அடித்து இறக்கிவிட்டது. ஒரே இழுப்பு. குழி ஒன்றும் நடக்காத மாதிரி. "யாருப்பா உள்ள?" என்றாள். துடைப்பக்குச்சியால் மெதுவாகக் கிளறி உள்ளங்கையில் விட்டேன். பின்பக்கமாகவே நடந்தது. கூச்சத்தில் கத்தினாள், ஆனால் கையை உதறவில்லை. பெரிதானால் தும்பி மாதிரி இறக்கை முளைத்துப் பறக்கும் என்றதை மட்டும் நம்பவில்லை. நீ தீப்பெட்டியில் அடைத்து கணக்கு வாத்தியார் மேஜையில் வைத்த கதையையும் சொல்லிவிட்டேன். உன் மேல் இப்போது ஏக மரியாதை.

மறுநாள் வாட்சப் குரூப்பில், அந்த மணலை அள்ளிவிட்டு அங்கேயும் பேவர் பிளாக் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐந்து கட்டைவிரல். நான் மட்டும் வேண்டாம் என்று எழுதினேன். கொசு வளர்ப்பவன் என்று பேர் வாங்கியாயிற்று.

மே மாதம் இவளை உன்னிடம் பத்து நாள் விடலாமென்று இருக்கிறேன். பம்புசெட் இன்னும் ஓடுகிறதா, எழுது. கிணறு என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள். என் வீட்டுக்காரிக்கு நீயே போன் போட்டுப் பேசு. தீப்பெட்டி விஷயத்தை மட்டும் பாப்பாவுக்கு மேற்கொண்டு விளக்காதே, ஜூனில் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

சோடாபுட்டி நம்பர் உன்னிடம் இருந்தால் அனுப்பு.

உன்,
பங்காளி