ஹான்ஸ் தீவைப் பற்றி இன்னும் கொஞ்சம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சண்டையில்லாமல் தீர்ந்த எல்லைத் தகராறுகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கனடாவுக்கும் டென்மார்க்கின் ஆளுகையிலுள்ள கிரீன்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஹான்ஸ் தீவுக்கு உரிமை கோரி கனடாக்காரர்கள் அங்கே விஸ்கி பாட்டிலை வைத்துவிட்டுப் போனது, டென்மார்க்காரர்கள் பதிலுக்கு ஷ்னாப்ஸ் என்ற மதுவை வைத்தது, கடைசியில் 2022 ஜூன் 14 அன்று இரு நாடுகளும் தீவைப் பங்கு பிரித்துக்கொண்டது எல்லாம் சுவையாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் தீவைப் பற்றி இருந்தது ஒரே வரி: 'எதற்கும் உதவாத ஒரு பனித்திட்டு.' பள்ளியில் புவியியல் நடத்துகிறவளுக்கு அந்த வரியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

முதலில், அது பனித்திட்டு அல்ல, சுண்ணாம்புக்கல். 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய சிலூரியன் காலக் கடலடியில் படிந்த பாறை. குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் எந்தப் பக்கமும் 1.3 கி.மீ. தாண்டாது. உச்சி 168 மீட்டர். தெற்குப் பக்கம் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. தீவின் மேல் பனியாறு கிடையாது, மரம் கிடையாது, யாரும் குடியிருந்ததும் இல்லை. வடக்கிலிருந்து தெற்காக ஓடும் ஒரு இயற்கைப் பிளவைத்தான் இப்போது எல்லையாக வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊர் என்றால் வடக்கே சுமார் 200 கி.மீ. தள்ளி கனடாவின் அலர்ட் ராணுவ நிலையம். தெற்கே கிரீன்லாந்தின் சியோராபாலுக் கிராமத்துக்கு ஏறத்தாழ 350 கி.மீ.

ஏறக்குறைய 81 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் அக்டோபர் பிற்பகுதியில் மறையும் சூரியன் பிப்ரவரி பிற்பகுதியில்தான் மறுபடி தலைகாட்டும். கோடையில் நான்கு மாதத்துக்கும் மேல் மறையாமலே சுற்றும். ஆனால் உச்சிப் பொழுதிலும் 33 டிகிரி உயரத்தைத் தாண்டாது. அலர்ட்டில் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலையே 3 டிகிரி செல்சியஸ் அளவுதான். பிப்ரவரியில் மைனஸ் 33. இன்னொரு விஷயம் மாணவர்களை எப்போதும் திகைக்க வைக்கும்: இது ஒரு பாலைவனம். அலர்ட் இருக்கும் அதே எல்ஸ்மியர் தீவில் உள்ள யுரேகா வானிலை நிலையத்தில் மழையும் பனியும் சேர்த்து ஆண்டு முழுக்க 80 மி.மீ. அளவுக்குத்தான் பதிவாகிறது. ஐப்பசியில் நமக்கு ஒரே ராத்திரியில் பெய்துவிடும் மழை அது.

சரி, இந்த மொட்டைப் பாறைக்கு அப்படி என்ன முக்கியத்துவம்? அது நிற்கிற இடம்தான். கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவே செல்லும் நேர்ஸ் நீரிணையில், சுமார் 35 கி.மீ. அகலமான கென்னடி கால்வாயின் நட்ட நடுவில் இருக்கிறது ஹான்ஸ். ஆர்க்டிக் பெருங்கடலின் மிகப் பழைய, மிகத் தடித்த பனி தெற்கே தப்பிப்போகும் வழிகளில் இந்த நீரிணையும் ஒன்று. இரு கரையிலும் உயர்ந்த மலைகள் என்பதால் வடக்கே அழுத்தம் கூடினால் காற்று இந்த இடுக்கு வழியாகச் சீறிப் பாய்கிறது. பனியையும் தள்ளிக்கொண்டு வருகிறது.

1980-களின் தொடக்கத்தில் டோம் பெட்ரோலியம் என்ற கனடா எண்ணெய் நிறுவனம் இதைப் பயன்படுத்திக்கொண்டது. ஆர்க்டிக் பகுதியின் போஃபோர்ட் கடலில் எண்ணெய்த் தளம் கட்டினால் பனி எவ்வளவு விசையோடு மோதும் என்று தெரிய வேண்டும். அதற்குத் தீவையே சோதனைத் தூணாக்கினார்கள். கிலோமீட்டர் கணக்கில் அகலமான பனிப்பாளம் ஒன்று மிதந்து வரும். அதன் மேல் கருவிகளைப் பொருத்துவார்கள். தீவில் மோதியதும் பாளத்தின் விளிம்பு நொறுங்கிக் குவியும், வேகம் குறையும், சில சமயம் பாளம் அப்படியே நின்றுபோகும். வேகம் குறைந்த கணக்கையும் பாளத்தின் நிறையையும் பெருக்கினால் விசை கிடைத்துவிடும். பள்ளியில் படிக்கும் அதே நியூட்டன் விதிதான்! ஆய்வகம் மட்டும் ஒரு தீவு. அப்புறம் 2008-இல் விஞ்ஞானிகள் அங்கே ஒரு தானியங்கி வானிலை நிலையத்தையும் நிறுவினார்கள். உதவாத இடத்தில் யாரும் அந்தப் பாடுபட மாட்டார்கள்.

இன்று கவலைப்பட வேண்டிய விஷயமும் இங்கேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் பனிப்பாளங்கள் நெருக்கியடித்து நீரிணையின் குறுக்கே வளைவாக இறுகிவிடும். அந்த வளைவு நிற்கும்வரை பின்னால் வரும் பனி நகராது. வளைவுக்குத் தெற்கே காற்று பனியை ஒதுக்கிக்கொண்டே இருப்பதால் குளிர்காலத்திலும் உறையாத நீர்வெளி ஒன்று உண்டாகிறது. பிகியலாசோர்சுவாக் என்று அப்பகுதியின் பூர்வகுடிகளான கிரீன்லாந்து இனூயிட்கள் அழைக்கும் அந்தப் பகுதியை நம்பி வால்ரஸ், நார்வால், கோடிக்கணக்கான கடற்பறவைகள், அவற்றை வேட்டையாடி வாழும் இனூயிட் குடும்பங்கள் எல்லாம் இருக்கின்றன. 2007-இல் அந்த வளைவு உருவாகவே இல்லை. பழைய பனி தடையின்றித் தெற்கே போய்விட்டது. பனி மெலிய மெலிய வளைவு நிலைப்பது கடினமாகிறது. 2010-இல் கிரீன்லாந்தின் பீட்டர்மன் பனியாற்றிலிருந்து உடைந்த சுமார் 260 சதுர கி.மீ. பனித்துண்டின் பகுதிகளும் இதே வழியாகத்தான் தெற்கே போயின.

அந்தப் பக்கம் பயணம் போன வெள்ளையர் குழுக்களுக்கு வழிகாட்டியாகவும் வேட்டைக்காரராகவும் இருந்த கிரீன்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹென்ட்ரிக்கின் பெயர்தான் தீவுக்கு. இதையும் உங்கள் கட்டுரை சொல்லவில்லை. 2022 ஒப்பந்தத்தில் இனூயிட்கள் தீவுக்குத் தொடர்ந்து வந்துபோகும் உரிமை பேணப்பட்டதையும் சொல்லவில்லை. பாட்டில்களுக்குக் கொடுத்த இடத்தில் பாதி கிடைத்திருந்தாலே போதுமே.

எங்கள் பாடநூல் வரைபடத்தில் நேர்ஸ் நீரிணை ஒரு மெல்லிய கோடுதான். அடுத்த முறை ஆர்க்டிக் பற்றி எழுதும்போது அந்தப் பகுதியின் வரைபடத்தைப் பெரிதாக, பெயர்களைத் தமிழில் குறித்து வெளியிடுங்கள். பனி வளைவுகளைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம். இரண்டையும் வெட்டி வகுப்பறையில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியை,
தேனி