படம் போட வேண்டுமென்றால் பிள்ளை சாக வேண்டுமா? – கோயில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவருக்கும் மாமாமாருக்கும் வணக்கம்.

நாங்கள் போனில் எடுத்த குறும்படத்தைக் கோயில் மண்டபத்தில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். சரி, மண்டபம் உங்கள் பொறுப்பு. ஆனால் சொன்ன காரணம்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. 15 வயதுப் பிள்ளை கர்ப்பமாவதைக் காட்டியதைவிட, அந்தக் கதையில் சிரிப்பு வருவதுதான் பெரிய குற்றமாம். கடைசியில் அவள் மருந்து குடித்துச் செத்துப்போவதாக மாற்றினால் யோசிக்கலாம், அப்போதுதான் மற்றப் பிள்ளைகளுக்குப் பயம் வரும் என்று ஒரு மாமா சொன்னாராம்.

மாற்ற மாட்டோம்.

படத்தில் யாரைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது என்று கவனித்தீர்களா? அவளைப் பார்த்து ஓரிடத்திலும் இல்லை. அவள் வாந்தி எடுக்கிறாள், ஆத்தா கேஸ்ட்ரிக் என்று கொத்தமல்லி அவிக்கிறார், பெரியம்மா கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார், சித்தப்பா பூசாரியைக் கூட்டிவந்து திருநீறு போட வைக்கிறார், குவைத்தில் வேலை செய்கிற அம்மா வட்ஸ்அப்பில் வந்து "பரீட்சைப் பயமா இருக்கும்" என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விடுகிறது. லயமே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க, வைத்தியம் பார்க்கிறது, உனக்கு என்னம்மா நடந்தது என்று அவளிடம் கேட்கத்தான் ஆளில்லை. விஷயம் தெரிந்ததும் ஆம்பிளைகள் கூடிக் கல்யாணம் பேசுகிறார்கள், வாடகைக் கதிரை எத்தனை எடுப்பது என்பதில் சண்டை வருகிறது. 18 வயதாகாமல் கல்யாணம் பதிய முடியாது என்று மிட்வைஃப் மிஸ் (தோட்டத்து மருத்துவிச்சி) சொன்னதும், "அப்ப கோயில்ல கட்டினா?" என்று ஒருவர் கேட்கிறாரே, அந்த வசனத்தை நாங்கள் எழுதவில்லை. யார் வாயிலிருந்து வந்தது என்று இங்கே சொல்லப் போவதுமில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள், "நான் ஓ லெவல் பரீட்சை எழுதலாமா?" என்று கேட்கிறாள். யார் காதிலும் விழவில்லை. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டாளிமாரே அந்த இடத்தில் கப்சிப் ஆகிவிட்டார்கள்.

பயம் வரட்டும் என்கிறீர்கள். பயந்த பிள்ளை என்ன செய்யும்? மறைக்கும். இந்த வயதில் கர்ப்பம் என்றால் இரத்த அழுத்தம் கூடி வலிப்பு வரைக்கும் போகிற ஆபத்து அதிகம், அதனால்தான் ஆரம்பத்திலேயே கிளினிக் போக வேண்டும். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருவைக் கலைக்கலாம் என்று 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை சொல்கிறது, ஆகவே மறைக்கிறவள் யாராவது ஒருவரிடம் இரகசியமாகப் போய் உயிரைப் பணயம் வைக்கிறாள். அப்புறம் இன்னொன்று. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தாலும் அவளோடு உறவு வைப்பது பாலியல் வல்லுறவுதான், 1995இலிருந்து சட்டம் அப்படித்தான் இருக்கிறது. தாலி கட்டி வைத்தால் அந்தக் குற்றம் இல்லாமல் போகாது. 1929க்கு ஒரு கோல் எடுத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சொல்லலாம் என்பதையும் படத்தில் வைத்திருக்கிறோம். பிரசங்கமாக இல்லை, சித்தப்பா அந்த நம்பரை லொத்தர் நம்பர் என்று நினைக்கிற பகிடியாக!

சிரிப்பு கோயிலுக்கு ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மாசியில் காமன் கூத்துக்குக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடத்துகிறவர்கள் நீங்கள்தானே. மீசை எடுத்த அண்ணன் ரதியாக வந்து வெட்கப்படும்போது விழுந்து விழுந்து சிரிக்கிற சனம், சிவன் மதனை எரித்த பிறகு அதே அண்ணன் ஒப்பாரி வைத்தால் கூடவே அழுகிறது. அந்தக் கதையில் எரிந்த மதனே எழுந்து வருகிறான், எங்கள் கதையில் பிள்ளை சாக வேண்டுமா?

ஒரு பயம் நியாயம்தான்: இது இன்னார் வீட்டுக் கதை என்று ஊர் கைநீட்டும். அதற்காக லயத்து நம்பர் தெரிகிற இடங்களை வெட்டிவிடுகிறோம்.

ஆம்பிளைகளுக்கு மட்டும், பெரியவர்களுக்கு மட்டும் என்ற கதை வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பெடியன்களும் பொம்பிளைப் பிள்ளைகளும் தாய்மாரோடு வந்து உட்காரட்டும். படம் முடிந்ததும் மிட்வைஃப் மிஸ் பதில் சொல்வார், பேர் போடாமல் துண்டில் கேள்வி எழுதிக் கொடுக்கலாம். திரைக்கு வெள்ளைத் துணியும் ஸ்பீக்கரும் எங்கள் பொறுப்பு. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் மண்டபத்துச் சாவியைத் தாருங்கள். தர முடியாது என்றால் அதையும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், எங்கள் அம்மாமாரும் அங்கே இருப்பார்கள்.

இப்படிக்கு,
படம் எடுத்த பிள்ளைகளில் ஒருத்தி