சாந்திக்கு ஒரு கடிதம்

ஏற்காடு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மொட்டை போட்டதையும், மூட்டு வலிக்கு வைத்தியரை மாற்றியதையும் படித்தேன். இங்கே காப்பிப் பழம் பறிப்பு முடிகிற நேரம். நடுவில் மழை பிடித்துக்கொண்டதால், களத்தில் காயப்போட்டதை வாரிக் கட்ட ஆள் கிடைக்காமல் எல்லோரும் திண்டாடிப் போனார்கள். மற்றபடி சுகம்.

பெண்களை வீட்டு வேலைக்கு வளைகுடாவுக்கு அனுப்புவதையே அரசாங்கம் நிறுத்திவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது சரியாகப் படவில்லை.

கீழே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் ஒரு பெண் போன வாரம் பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். வயது 27, எட்டாவது வரை படித்தவள். கவருக்குள் பாஸ்போர்ட் ஜெராக்ஸ், துபாய்க்கு விசிட் விசா, போக வர டிக்கெட், ஹோட்டல் ரூம் போட்ட சீட்டு. ஆனால் வேலை குவைத்தில், வீட்டு வேலை. பாத்திரம் தேய்க்கப் போகிறவளுக்கு ஹோட்டல் ரூம் எதற்கு? ஏர்போர்ட்டில் கேட்டால் "சுற்றிப் பார்க்கப் போகிறேன்" என்று காட்டத்தான். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சேலத்து ஏஜென்ட் அவளுக்கு மனப்பாடமே பண்ணிக் கொடுத்திருக்கிறான்! பள்ளிக்கூடத்தில் இத்தனை கவனமாக யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் பத்தாவது தேறியிருப்பாள்.

பத்தாவது தேறாததுதான் சிக்கலே. அப்படித் தேறாதவர்களுடைய பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசாங்க அனுமதி தேவைப்படுகிற வகை. அதை வைத்துக்கொண்டு குவைத், சவுதி மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். பெண் என்றால் 30 வயது ஆகியிருக்க வேண்டும். 2016 முதல் அப்படிப்பட்ட பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்பலாம். நம் மாநிலத்துக்குச் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978லேயே தொடங்கியது. அப்படிப் போனால் கையில் ஒப்பந்தம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்சத்துக்குக் காப்பீடும் உண்டு.

எல்லாம் நல்லதுதான். ஆனால் 27 வயதுக்காரிக்கு அந்த வாசல் மூடிக் கிடக்கிறது. வட்டிக்காரன் மூன்று வருஷம் பொறுப்பானா? அதே லைனில் 22 வயதுப் பையன் கட்டட வேலைக்குச் சவுதி போக வயது ஒரு தடையில்லை. பெண்ணுக்கு மட்டும் பாதுகாப்பு என்று பூட்டுப் போடுகிறார்கள். பின்வாசல் சாவி ஏஜென்ட் கையில் இருக்கிறது. நீ சொல்கிற மாதிரி முழுசாகத் தடை போட்டால் அவனுக்கு இன்னும் கொண்டாட்டம்.

விசிட் விசாவில் போகிறவள் அரசாங்கக் கணக்கில் சுற்றுலாப் பயணி. குவைத்திலேயே 2015ல் வீட்டு வேலைக்காரர்களுக்கென்று சட்டம் போட்டார்கள். நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு விட வேண்டும், பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டு வேலைக்கென்றே உள்ள 20ம் நம்பர் விசா இல்லாமல் இதையெல்லாம் எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்? அங்கே நம் நாட்டுத் தூதரகத்தில் 2009 முதல் ஒரு நல நிதி இருக்கிறது. கஷ்டத்தில் மாட்டியவர்களுக்குத் தங்க இடம், ஊர் திரும்ப டிக்கெட் எல்லாம் அதிலிருந்து கொடுக்கிறார்கள். பேப்பர் சரியில்லாதவர்களையும் விரட்டுவதில்லை. ஆனால் போனையும் பிடுங்கிக் கதவையும் சாத்திவிட்டால், அவள் தூதரகம் வரைக்கும் எப்படிப் போய்ச் சேருவாள், சொல்?

என்னைக் கேட்டால், வயதுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, வேலைக்கென்றே போகும் விசாவை எளிதாக்க வேண்டும். இந்த விவரம் ரேஷன் கடைச் சுவரிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் தெரிய வேண்டும். சென்னையில் ஆபீஸ் இருப்பது இங்கே நாகலூர்க்காரிக்கு எப்படித் தெரியும்?

ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே 60 ஆயிரம் கட்டியிருக்கிறார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30 ஆயிரமும் அதற்கான வரியும்தான் வாங்கலாம்; இவனிடம் பதிவு எண்ணே இல்லை. அவள் மாமியாருக்கு என் மேல்தான் கோபம், வந்த வழியைக் கெடுத்துவிட்டேனாம். திங்கட்கிழமை அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போகிறேன். உன் மைத்துனர் குவைத்தில் டிரைவராக இருந்தவர்தானே? அங்கே தூதரகத்துக்குப் பக்கத்தில் உதவுகிற தமிழ் ஆட்கள் யாராவது உண்டா என்று கேட்டு எழுது. இவளைத் தடுத்தாலும், இதே லைனிலிருந்து போன வருஷம் போனவள் ஒருத்தி இருக்கிறாள். தீபாவளிக்கு அப்புறம் வீட்டுக்குப் போனே வரவில்லையாம்.

அன்புடன்,
மல்லிகா