ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் இரண்டு பக்கம் தமிழ்: கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் சென்னை புளியந்தோப்பில் கறவை மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். மாட்டுக்கு நோவு என்றால் என் தாத்தா அதை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நடத்தியே கூட்டிச் செல்வார். நாங்கள் குட்டியானை வண்டியில் ஏற்றிச் செல்கிறோம். 1903இல் இருபது மாணவர்களோடு தொடங்கிய அந்தக் கல்லூரி 1976இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்ததும், 1989இல் நாட்டிலேயே கால்நடை மருத்துவத்துக்கென அமைந்த முதல் பல்கலைக்கழகத்தின் தாய்க் கல்லூரியானதும் எங்களுக்கும் பெருமைதான். எங்கள் தெருவில் இன்றும் அதற்குப் பெயர் ‘மாட்டாஸ்பத்திரி’.

ஒரே ஒரு வேண்டுகோளுக்காக இதை எழுதுகிறேன். தங்களிடம் சமர்ப்பிக்கப்படும் ஒவ்வொரு முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வேட்டோடும், மாடு வளர்ப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும்படியான இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கட்டாயம் இணைக்கப்பட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பசு ஒன்றுக்கு மடிநோய் வந்தது. பாலில் திரி திரியாக வந்த பிறகுதான் கவனித்தோம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஊசியை நாங்களே போட்டோம். இரண்டாம் நாள் வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டோம். நோய் திரும்பியது, ஒரு காம்பு நிரந்தரமாக வற்றிப்போனது. கறந்து முடித்தபின் காம்பின் துளை மூடிக்கொள்ள அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்பதும், அதுவரை மாடு படுத்துவிடாதபடி தீனி போட்டு நிற்கவைக்க வேண்டும் என்பதும், வெளிக்கு ஒன்றுமே தெரியாமல் மடிக்குள் நோய் இருக்கக்கூடும் என்பதும் எனக்கு அதன் பிறகே தெரிந்தன. இவற்றில் எதற்கும் காசு செலவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கறக்கும் என் அப்பா, பால் பீய்ச்சியவுடன் மாட்டை அவிழ்த்துப் படுக்க விட்டுக்கொண்டிருந்தார்.

தமிழில் சொல்லப்பட்டால் அறிவு எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்குச் சான்றும் தங்களிடமே இருக்கிறது. தங்கள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் பரப்பிய மடிநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்து நீரில் கரைத்து, கழுவிய மடியில் ஒரு நாளைக்குப் பலமுறை பூச வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தைக்கும் இந்த அளவு மனப்பாடம். அம்மி உள்ள வீட்டில் என்ன இருக்குமோ அதை வைத்து, அந்த வீட்டுப் பேச்சிலேயே சொல்லப்பட்டதால்தான் அது கொட்டகைக்குக் கொட்டகை போயிற்று.

தாங்கள் பயிற்சி முகாம்கள் நடத்துவதையும் கையேடுகள் வெளியிடுவதையும் அறிவேன். அவற்றால் பயன் பெற்றவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நன்கு முதிர்ந்த செய்திகளே கையேட்டுக்கு வருகின்றன. நம் ஊர் மாட்டின் பாலையும் இரத்தத்தையும் சாணத்தையும் எடுத்து ஒரு மாணவர் இரண்டு மூன்று ஆண்டு உழைத்துக் கண்டது, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கிருஷிகோஷ் என்னும் வேளாண் ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியத்தில் போய்ச் சேர்கிறது. அந்த மாதிரியைக் கொடுத்த மாட்டுக்காரருக்கு முடிவு தெரிவதில்லை. எளிமைப்படுத்தினால் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்ற தயக்கம் நியாயமானதே. ஆகவே எதைச் செய்யலாம், எதற்கு மருத்துவரிடம் வர வேண்டும், எது இன்னும் உறுதியாகவில்லை என்ற மூன்றையும் அந்தச் சுருக்கத்திலேயே பிரித்து எழுதச் சொல்லலாம். வழிகாட்டும் பேராசிரியர் ஒப்பமிட்ட பிறகே அது வெளியாகலாம்.

வரும் கல்வியாண்டில் இதைத் தொடங்குங்கள். அச்சடித்த தாள்களை வேப்பேரியில் சீட்டு போடும் இடத்துக்கு அருகே வையுங்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வெகுநேரம் காத்திருக்கும் இடம் அதுதான்.

இப்படிக்கு,
புளியந்தோப்பிலிருந்து ஒரு மாட்டுக்காரர் மகள்