செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: மலைப் பயணங்களும் குளிர் தாங்கும் படுக்கையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

நமது சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் செயற்குழு மாதந்தவறாமல் காரைக்குடியில் கூடியது. ஆடியில் ஏற்காடு, மார்கழியில் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர், மாசியில் மீண்டும் மன்னவனூர் என மூன்று பயணங்கள் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா, வேன் வாடகை, சமையல் ஏற்பாடு ஆகியவற்றில் சென்ற ஆண்டைவிடச் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே, நம்மை அதிகம் பேசவும் அதிகம் செலவழிக்கவும் வைத்த ஒரே விஷயத்துக்கு இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். மலையில் வேனிலும் கூடாரத்திலும் இரவு தங்கும்போது எதன்மேல் படுப்பது, எதைப் போர்த்துவது என்பதே அது.

நாம் வெக்கைக்குப் பழகியவர்கள். சித்திரை வைகாசியில் ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் பாய்கூட விரிக்காமல் படுத்து, தரையின் குளிர்ச்சி உடம்பில் ஏறுவதைச் சுகமாக அனுபவித்து வளர்ந்தவர்கள். அதே தரை மலையில் மார்கழி இரவில் நம்மை என்ன செய்யும் என்று, செயலாளர் உட்பட, யாரும் யோசிக்கவில்லை. ஆடியில் ஏற்காடு போவதற்கு முன் காற்று மெத்தைகளையும், ‘5 டிகிரி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஸ்லீப்பிங் பேக்குகளையும் (உள்ளே புகுந்து தூங்கும் பஞ்சுப் பைகள்) மொத்தமாக வாங்கினோம். ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர்தான் என்பதாலும், பருவம் ஆடி என்பதாலும் அங்கே எந்தக் குறையும் தெரியவில்லை. அந்தத் திருப்தியோடு அதே பொருட்களை மன்னவனூருக்கும் எடுத்துச் சென்றோம்.

மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, பூம்பாறை தாண்டி, உரிமையாளரிடம் முன்கூட்டியே இசைவு பெற்றிருந்த ஒரு தோட்டத்தின் ஓரத்தில் மூன்று கூடாரங்கள் அடித்தோம். பதினோரு பேரில் எட்டுப் பேர் கூடாரங்களிலும் மூன்று பேர் வேனிலும் படுத்தோம். ஒன்றரை மணிக்கு முதலில் எழுந்தவன் நான். முதுகு முழுவதும் ஈரத்துணி ஒட்டிக்கொண்டது போலிருந்தது. தடவிப் பார்த்தால் ஈரமில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டாவது போர்வையையும் எடுத்து மேலே போர்த்தினேன். சற்று நேரத்தில் நெஞ்சு வியர்த்தது. முதுகு அப்படியேதான் இருந்தது. மூன்று மணிக்கு ஏழு பேர் வெளியே நின்று கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை என்பதே சரி.

நம் மூத்த உறுப்பினரான ஆச்சி ஒருவர் மட்டும் காலை ஆறு மணி வரை அசையவில்லை. புறப்படும்போது அவர் வேனில் ஏற்றிய கோரைப்பாய்ச் சுருளையும், சமக்காளத்தையும், வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுத்த இரண்டு பழைய செம்மறிக் கம்பளிகளையும் பார்த்து, மறுவீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி இருக்கிறதே என்று நாங்கள் சிரித்திருந்தோம். அவர் பாயை விரித்து, சமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு கம்பளியை இரட்டையாக விரித்துப் படுத்திருந்தார். மேலே போர்த்தியது ஒரே ஒரு கம்பளிதான். “மேல போத்துறத மட்டும் பாத்தீகளே தம்பி, கீழ இருந்து வர்ற குளிர யாரு பாக்குறது?” என்று கேட்டார். மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி மையம் இருக்கிற மன்னவனூரிலேயே கம்பளியில்லாமல் நடுங்கிய பெருமை நம் சங்கத்துக்கு உண்டு என்பதையும் குறிப்பில் சேர்க்கிறேன்.

திரும்பி வந்ததும் தையில் கூடிய செயற்குழு, நடந்த தவறு என்ன என்பதை முதலில் புரிந்துகொண்டு, பிறகே எதையும் வாங்குவது என்று தீர்மானித்தது. உடம்பின் சூடு நம்மை விட்டுப் போகும் வழிகளில், படுத்திருப்பவருக்குத் தரைவழி பெரியது. போர்வையானாலும் ஸ்லீப்பிங் பேக்கானாலும், சூட்டைக் காப்பது துணியல்ல. அதன் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. நாம் படுத்தவுடன் நமது எடையில் அடிப்பக்கத்துப் பஞ்சு நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுவதால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையானாலும் முதுகுக்குக் கீழே அது ஏறக்குறைய வெறும் துணிதான். காற்று மெத்தையில்தான் காற்று நிறைய இருக்கிறதே என்று ஓர் உறுப்பினர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அது தடுப்பில்லாத ஒரே பெரிய அறை; புரளும்போதெல்லாம் உள்ளிருக்கும் காற்று கலங்கி மேல்சூட்டைக் கீழே கொண்டுபோகிறது. கதிராக இறங்கும் சூட்டை மறிக்கவும் உள்ளே ஒன்றுமில்லை. ஃபோம் பாயில் அதே காற்று ஆயிரக்கணக்கான சிறு கண்ணறைகளில் அடைபட்டு அசையாமல் நிற்கிறது.

இதைக் கண்ணால் பார்த்தாலொழிய ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று சிலர் சொன்னதால், கூட்டம் நடந்த வீட்டுப் பட்டாலையிலேயே ஒரு சோதனை செய்தோம். பெரிய தாம்பாளத்தில் உடைத்த ஐஸ் கட்டிகளைப் பரப்பி, அதன்மேல் ஒவ்வொரு விரிப்பாக வைத்து, உள்ளங்கையை அழுத்தி ஊன்றிக்கொண்டு நேரம் பார்த்தோம். ஒற்றைச் சமக்காளத்தில் ஒரு நிமிடம் ஆவதற்குள் குளிர் ஏறியது. நாலாக மடித்தபோது வெகுநேரம் தாங்கியது. காற்று மெத்தையில் மெல்ல ஏறிய குளிர், மெத்தையை ஆட்டியபோது சட்டென்று கூடியது. பத்து மில்லிமீட்டர் ஃபோம் பாயிலும் இலவம்பஞ்சு மெத்தையிலும் பத்து நிமிடம் கழித்தும் கையில் ஒன்றும் தெரியவில்லை. ஆய்வுக்கூடச் சோதனை என்று இதற்குப் பெயர் சூட்ட நான் தயாரில்லை. ஆனால் அதற்குப் பிறகு செயற்குழுவில் எதிர்ப்புக் குரல் எழவில்லை.

குளிர்த் தடுப்பை அளக்க ஆர்-மதிப்பு என்று ஓர் எண் உண்டு. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி அளந்து போட்டது. அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். 2018இல் எஃப்3340 என்ற பொதுமுறையை வெளியிட்ட பின்னர்தான் ஒரு பாயையும் இன்னொரு பாயையும் ஒப்பிட முடிகிறது. எண் கூடக்கூடத் தடுப்பு கூடும். நமக்கு உதவுகிற செய்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது. பத்து மில்லிமீட்டர் கண்ணறை மூடிய ஃபோமுக்கு ஏறத்தாழ ஒன்றரை என்றால், இரண்டு பாய்களுக்கு மூன்றை ஒட்டி வரும். கொடைக்கானல் இரவுக்கு அது போதும். யோகாப் பாய் இதற்கு ஈடாகாது. அது மெல்லியது, வழுக்காமலிருப்பதற்காகச் செய்யப்பட்டது.

ஸ்லீப்பிங் பேக் விஷயத்தில் நாம் ஏமாந்தோம் என்றே சொல்லவேண்டும். ஐரோப்பாவில் 2002இல் வந்த இ.என். 13537 தரமும், அதன் இடத்துக்கு 2016இல் வந்த ஐ.எஸ்.ஓ. 23537 தரமும் ஒரு பைக்குக் குறிக்கச் சொல்கிற வெப்பநிலைகளில் நமக்கு முக்கியமானவை மூன்று: நிம்மதியாகத் தூங்கக்கூடியது, சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது, உயிருக்கு ஆபத்து தொடங்குகிற கடைசி எல்லை. நாம் வாங்கிய பையின் வெளியே கொட்டை எழுத்தில் இருந்த ‘5’ அந்தக் கடைசி எல்லை. நிம்மதிக்கான எண் 17 என்பது உள்தையலில் செருகியிருந்த சிறு துணியில் இருந்தது. கடைக்காரர் பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். உள்தையலைப் புரட்டிப் பார்க்காத பிழை என்னுடையது என்பதைப் பொதுக்குழுவில் ஒப்புக்கொள்கிறேன்.

போகும் இடத்துக்கு எவ்வளவு தேவை என்பதை வீட்டிலிருந்தே கணக்கிடலாம். பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். தை மாத இரவில் நம் ஊரில் இருபது டிகிரி என்றால், 2,100 மீட்டர் உயரத்தில் ஆறு ஏழு என்று வைத்துக்கொள்ளவேண்டும். மேகமில்லாத இரவில், குளிர்காற்று வழிந்து தேங்கும் பள்ளத்தில், அதற்கும் கீழே போகும். மார்கழியில் நாம் கூடாரம் அடித்தது, தண்ணீர் எடுக்கப் பக்கம் என்பதற்காகத் தேர்ந்த பள்ளம்.

இந்த அடிப்படையில், ஆளுக்கு இரண்டு ஃபோம் பாய்களும், நிம்மதிக்கான எண் ஐந்து என்று தெளிவாகக் குறித்த செயற்கை இழைப் பைகளும் வாங்கினோம். வாத்து இறகு நிரப்பிய பை எடை குறைவு, கதகதப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் நனைந்தால் இறகு சுருண்டு பயனற்றுப்போகும். ஐப்பசி கார்த்திகையில் மலையில் பெய்கிற மழைக்கும், நமது கையிருப்புக்கும் அது ஒத்துவராது. தோளில் சுமந்து மலையேறுகிறவருக்கு எடை முக்கியம். வேன் நிற்கும் இடத்திலேயே கூடாரம் அடிக்கிற நமக்கு அந்தக் கவலை இல்லை. பழைய காற்று மெத்தைகளைத் தூக்கி எறியவில்லை. இடுப்புவலி உள்ளவர்கள் அதைக் கீழே போட்டு, அதன்மேல் ஃபோம் பாயை விரித்துக்கொள்ளலாம்.

வேனுக்கு வேறு ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. வேனுக்குள் படுத்தால் தரைக்குளிர் இல்லை என்று நினைப்பது தவறு. இரும்புத் தளத்துக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மடித்த இருக்கைகளின் இடுக்குகளிலிருந்தும் குளிர் ஏறுகிறது. இருக்கைகளை மடித்து அதன்மேல் பிளைவுட் பலகை போட்டு மட்டமாக்கி, உள்ளூர் மெத்தைக்காரரிடம் வேனின் அகலத்துக்கு அளந்து இலவம்பஞ்சு மெத்தை தைத்தோம். இலவம்பஞ்சின் இழை உள்ளே துளையுள்ளது. அதனால்தான் அந்த லேசும் கதகதப்பும். கூடாரத்துக்கு அது பருமன் அதிகம், வேனுக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. சன்னல் அளவுக்கு வெட்டிய பளபளப்புத் தாள் பொதிந்த ஃபோம் துண்டுகளைக் கண்ணாடிகளில் செருகிக்கொள்ளலாம்.

ஆனால் எந்தக் குளிரிலும் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலம் கண்ணாடி திறந்திருக்கவேண்டும். மூச்சிலும் வியர்வையிலும் இரவெல்லாம் வெளியேறும் ஈரம் போக வழியில்லாவிட்டால், விடியற்காலையில் கண்ணாடியிலும் கூடாரத் துணியிலும் முத்துமுத்தாகக் கோத்துப் படுக்கையில் சொட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கரியடுப்பையோ கணப்புச் சட்டியையோ கூடாரத்துக்குள்ளும் வேனுக்குள்ளும் வைப்பதையும், இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதையும் செயற்குழு முற்றிலும் தடைசெய்துள்ளது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். சூடு வேண்டுமென்றால் ரப்பர் ஒத்தடப் பையில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளட்டும். பகலெல்லாம் வியர்த்த பருத்திப் பனியனோடு படுக்காமல் உலர்ந்த உடைக்கு மாறுவதும், குரங்குக் குல்லாவும், காலுறையும் வெட்கப்படத்தக்கவை அல்ல.

மாசி முதல் வாரத்தில் அதே தோட்டத்துக்கு, இம்முறை மேட்டுப்பக்கம், அதே பதினோரு பேரும் போனோம். கொண்டுபோன வெப்பமானி அதிகாலை ஐந்து மணிக்கு எட்டு டிகிரி காட்டியது. அதைப் பார்க்க எழுந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களை ஏழு மணிக்கு எழுப்பவேண்டியிருந்தது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்த பழக்கமுள்ள ஓர் அண்ணன், அந்த நாளில் வழியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சமக்காளம் விரித்துப் படுத்ததை நினைவுகூர்ந்து, இதற்கா தாம்பாளத்தில் ஐஸ் வைத்துப் பார்த்தீர்கள் என்று கேலி செய்தார். பதில் சொல்ல முடியவில்லை. குறை என்று வந்தது ஒன்றே: இரண்டு ஃபோம் பாய்களும் இரவில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விலகுகின்றன. நான்கு மூலையிலும் நாடா தைத்துக் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

படுக்கைகள் இப்போது சங்க அறையில் உள்ளன. ஸ்லீப்பிங் பேக்குகளை அதன் சிறு உறையில் திணித்தே வைத்தால் இழை நசுங்கி எழும்பாது. ஆகவே அவை கொடியில் தளரத் தொங்குகின்றன. இலவம்பஞ்சு மெத்தைகளை மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டி எடுக்கவேண்டும். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, தூக்கிப் போட ஆள்தான் வேண்டும். உறுப்பினர்கள் சொந்தப் பயணத்துக்கு இவற்றை இரவல் பெறலாம். திருப்பித் தரும்போது உலர்த்தித் தரவேண்டும் என்பது விதி. சென்ற மாதம் ஈரத்தோடு சுருட்டித் தரப்பட்ட ஒரு பையில் பூஞ்சை பிடித்துவிட்டது.

கம்பளிகளை இரவல் தந்து, அதைவிட நல்ல அறிவையும் தந்த ஆச்சிக்கும், வேன் ஓட்டிய தம்பிக்கும், கூட்டத்துக்கு வீடு தந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. மெத்தை உலர்த்தும் பொறுப்புக்கு வரும் ஆண்டு இருவரைத் தேர்ந்தெடுக்குமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்